ஓடுபாதையில் பள்ளம்: விமானிக்கு யார் சொல்வது?



போன மழைக்காலத்தில் ஒருநாள் ராத்திரி எங்கள் மாமா அம்பத்தூரிலிருந்து ஆவடிக்கு ஸ்கூட்டரில் வரும்போது, குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளத்தில் விழுந்துவிட்டார். கையில் மாவுக்கட்டு. "போர்டு வைக்கலையா மாமா?" என்று கேட்டேன். "வெச்சிருந்தாங்கடா, அது காத்துல குப்புற விழுந்து கிடந்துச்சு. காலையில போகும்போதே அந்தப் பள்ளத்தைப் பாத்தேன். ராத்திரி மழையில ஞாபகம் வரல" என்றார்.

எங்கள் மொட்டை மாடியில் நின்றால் மீனம்பாக்கம் போகும் விமானங்கள் தெரியும். விமானம் இறங்கும் இடத்தில் பள்ளம் தோண்டினால் விமானிக்கு யார் சொல்வார்கள்? தேடிப் படித்ததை எழுதுகிறேன்.

1. நோட்டாம் என்றால் என்ன?

விமானிகளுக்கான அறிவிப்புக்கு 'நோட்டாம்' என்று பெயர். ஓடுபாதை மூடல், விளக்குப் பழுது, பக்கத்தில் நிற்கும் கிரேன், ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடும் நேரம் எல்லாம் இதில் வரும். நம் நாட்டில் இந்திய விமான நிலைய ஆணையம் இதை வெளியிடுகிறது. விமானி புறப்படுவதற்கு முன் இதைப் படித்தாக வேண்டும்.

2. எப்படிப் படிப்பது?

ஓடுபாதையின் எண் அதன் திசையைக் காட்டும். 07 என்றால் சுமார் 70 டிகிரி. அதே பாதையை எதிர்ப்பக்கமிருந்து பார்த்தால் 25, அதாவது 250 டிகிரி. சென்னையில் 07/25, 12/30 என்று இரண்டு ஓடுபாதைகள் உண்டு.

நேரத்தை உலகப் பொது நேரத்தில் எழுதுவார்கள். நாம் 5.30 மணி கூட்ட வேண்டும். "10ஆம் தேதி 19.00 முதல் 23.30 வரை மூடல்" என்றால், நமக்கு 11ஆம் தேதி அதிகாலை 12.30 முதல் 5 மணி வரை. கணக்குத் தப்பினால் தேதியே மாறிப்போகும்!

3. அறிவிப்பு மட்டும் போதுமா?

2000 அக்டோபர் 31, ராத்திரி. தைவானின் தைபே விமான நிலையத்தில் புயல் மழை. அங்கே '05 இடது', '05 வலது' என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓடுபாதைகள். வலது பாதையின் ஒரு பகுதி பராமரிப்பு வேலைக்காக மூடப்பட்டிருந்தது. நோட்டாமும் வந்திருந்தது, விமானிகளுக்கும் அது தெரியும். ஆனாலும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் இடது பாதை என்று நினைத்து வலது பாதையில் வேகமெடுத்தது. அங்கிருந்த கான்கிரீட் தடுப்புகளிலும் இயந்திரங்களிலும் மோதி உடைந்தது. 179 பேரில் 83 பேர் இறந்தார்கள். அந்தப் பாதையின் தொடக்கத்தில் 'மூடப்பட்டது' என்று காட்டும் தடுப்போ குறியோ இல்லை.

2017 ஜூலை 7 அன்று அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் இரண்டு இணை ஓடுபாதைகளில் ஒன்றை மூடியிருந்தார்கள். இந்தச் செய்தி ஏர் கனடா விமானிகளுக்குக் கொடுத்த 27 பக்கத் தாள்களில் 8ஆம் பக்கத்தில் இருந்தது. இறங்கும் நேரத்தில் அது அவர்கள் ஞாபகத்துக்கு வரவில்லை. நான்கு விமானங்கள் வரிசையில் நின்ற பாதையை ஓடுபாதை என்று நினைத்துத் தாழ்ந்து வந்தார்கள். தரையிலிருந்து சுமார் 60 அடி உயரம் வரை வந்துவிட்டு மேலே ஏறியதால் எல்லோரும் தப்பினார்கள்.

4. என் கருத்து

நோட்டாம் முக்கியமா என்றால், ரொம்ப முக்கியம். ஆனால் காலையில் படித்தது ராத்திரி மழையில் ஞாபகம் வர வேண்டுமே! மாமாவுக்கும் அந்த விமானிகளுக்கும் நடந்தது ஒன்றுதான். அதனால் காகிதத்தில் சொன்னதைத் தரையும் திரும்பச் சொல்ல வேண்டும். மூடிய ஓடுபாதையில் பெரிய பெருக்கல் குறி, அணைத்த விளக்குகள், வழியை மறிக்கும் தடுப்பு, இவை எல்லாம் அதற்குத்தான். முக்கியமான செய்தி முதல் பக்கத்தில் இருக்க வேண்டும்.

நண்பர்களே, நம் தெருவில் எச்சரிக்கைப் பலகை குப்புற விழுந்து கிடந்தால் நிமிர்த்தி வையுங்கள். யாரோ ஒருவருடைய மாமா ராத்திரி அந்த வழியாக வருவார்.

யோசியுங்கள்: "15ஆம் தேதி 20.15 முதல் 22.45 வரை மூடல்." நம் நேரம் என்ன, தேதி என்ன? விடை அடுத்த இதழில்.


– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்