செவிலியும் செவிலி மகளும்
(சைவ ஆசிரியர்க்குரிய ஆராய்ச்சிப் பாடம்)

செல்வர் வீட்டுப் பிள்ளைகளை வேற்று மொழியும் வேற்று வழக்கமும் உடைய பணிப்பெண்டிர் வளர்க்கும் முறை இக்காலத்து உலகெங்கும் பரந்துள்ளது. கொழும்பிலும், கனடா, பிரித்தானியா, சிங்கப்பூர் முதலிய தேசங்களிலும் வாழும் நம் தீவக மக்களுள் பொருள்வளம் பெற்றோர் சிலரும் இதனை மேற்கொண்டுள்ளனர். ஆனித் திங்களில் நயினை நாகபூஷணி அம்மையின் மகோற்சவத்துக்கு அப்பிள்ளைகள் வந்து குறிகட்டுவான் துறையிற் படகுக்காக நிற்கையில், ஆச்சி சொல்வது பிள்ளைக்கு விளங்குவதில்லை. பிள்ளை சொல்வது ஆச்சிக்கு விளங்குவதில்லை. அதனைக் காணும் ஊரார், "ஆயாவிடம் விட்டு வளர்த்தால் இப்படித்தான்" என்று பழி முழுவதையும் முகமறியாத ஒரு பணிப்பெண்ணின் தலையில் ஏற்றிவிடுகின்றனர்.

அப்பழி நேரிதா? அத்தகைய பிள்ளைக்கு ஆசிரியர் செய்யத்தக்கது யாது? இவ்விரண்டு வினாக்களும் இப்பாடத்தில் ஆராயப்படும். இவற்றோடு, பெரும்பாலும் ஒருவருங் கேளாத மூன்றாம் வினாவொன்றும் உளது: அந்தச் செவிலியின் பிள்ளை எங்கே?

1. செவிலியின் இலக்கணம்

நம் முன்னோர் வளர்ப்புத் தாயரை ஆட்டுவாள், ஊட்டுவாள், ஓலுறுத்துவாள், நொடிபயிற்றுவாள், கைத்தாய் என ஐவகைப்படுத்தினர். ஆட்டுவாள் நீராட்டுபவள், ஊட்டுவாள் உணவு கொடுப்பவள், ஓலுறுத்துவாள் தாலாட்டித் துயிற்றுபவள், நொடிபயிற்றுவாள் சொல்லும் கதையும் பழக்குபவள், கைத்தாய் கையிலேந்தி வளர்ப்பவள். நொடி என்னுஞ் சொல் விடுகதைக்குப் பெயராக நம்மூர்களில் வழங்குதலை ஆசிரியர் அறிவர்.

இவ்வைந்தனுள் நீராட்டல், ஊட்டல், ஏந்தல் என்னும் மூன்றும் எம்மொழியாளும் செய்யக்கூடியன. பரிவும் தூய்மையும் பொறுமையும் உடைய பெண் எத்தேசத்தாளாயினும் இவற்றை நன்கு செய்வாள். தாலாட்டும் நொடியும் அத்தன்மையன அல்ல. அவை மொழியோடு பிறந்து மொழியோடு செல்வன. வேற்றுமொழிச் செவிலி தாலாட்டும்போது தன் மொழியையே கொடுப்பாள். அவளிடம் உள்ளது அதுவே. ஆகவே குறை அவள் கொடுத்ததில் இல்லை; கொடுக்க வேண்டிய பிறர் கொடாதொழிந்ததில் உள்ளது.

செவிலியைக் கூலியாளாக மாத்திரம் கருதியது தமிழ் மரபன்று. அகத்திணையிற் கூற்று நிகழ்த்தும் உரிமை பெற்றோருள் அவள் ஒருத்தி. தலைவி உடன்போக்கிற் சென்றவிடத்துப் பாலை வழியிலே தேடிச் செல்பவள் பெரும்பாலும் அவளே. தலைவியின் உயிர்த்துணையாகிய தோழி அச்செவிலியின் மகள் என்று தொல்காப்பியம் கூறும். வளர்க்கப்பட்ட மகளும் வளர்த்தவள் பெற்ற மகளும் ஒரு மனையில் ஒருங்கு வளர்ந்தனர் என்பது இதனாற் பெறப்படும். இதனை ஆசிரியர் நினைவில் வைத்துக்கொள்க, பின்னர் வேண்டப்படும்.

2. பெரியபுராணத்து உதாரணம்

பிறர் மனையில் வளர்தலே பிள்ளைக்குக் கேடாகும் என்பாருக்குச் சேக்கிழார் சுவாமிகள் கூறிய வரலாறு விடையாகும். திருநாவலூரிலே சடையனாருக்கும் இசைஞானியாருக்கும் அவதரித்த சுந்தரமூர்த்தி நாயனார் வீதியிற் சிறுதேர் உருட்டி விளையாடுகையில், நரசிங்கமுனையரையர் கண்டு, பெற்றோரை வேண்டிப் பெற்றுத் தம் அரண்மனையில் வளர்த்தார். நாயனார் அரசச் செல்வத்துள் வளர்ந்தும், தம் மரபுக்குரிய பூணூற் சடங்கும் கல்வியும் குறைவறப் பெற்றார். வளர்த்தவர் தம் வழக்கத்தைத் திணிக்கவில்லை. பிள்ளையின் மரபு இன்னதென அறிந்து, அதனைக் கற்பிப்போரிடம் கற்க வைத்தார். வளர்ப்பு மனையும் மரபுக் கல்வியும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல.

3. ஒல்லாந்தர் பெற்ற பாடம்

இனி நம் தீவுகளோடு தொடர்புடைய சரித்திரம் ஒன்றைக் காண்போம். ஒல்லாந்தர் 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்டனர். நெடுந்தீவுக்கு டெல்வ்ற், வேலணைத் தீவுக்கு லெய்டன், புங்குடுதீவுக்கு மிடில்பேர்க், நயினாதீவுக்கு ஹார்லெம் எனத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். கடலையும் கோட்டையையும் சந்தையையும் தம் ஆணைக்குள் வைத்திருந்த அவர்களால் தம் வீட்டுத் தொட்டிலை மாத்திரம் ஆள முடியவில்லை. அவர்தம் மனைகளில் தாயராயும் அடிமைச் செவிலியராயும் இருந்த பெண்டிர் பலர் போர்த்துக்கேய மொழி பேசினர். ஆகவே பிள்ளைகள் டச்சு மொழிக்கு முன்னே போர்த்துக்கேயத்தையே கற்றனர். தாம் போரில் வென்ற பகைவரின் மொழி தம் மக்கள் வாயில் வருதல் கண்டு தேசாதிபதிகள் வருந்தினர். கட்டளைகள் பிறந்தன, டச்சு மொழி அறியாத அடிமைகளின் தலைமயிரை மழிக்குமாறும் கட்டளை பிறந்தது. ஒன்றும் பயன்படவில்லை. ஒல்லாந்தப் பாதிரிமார் தாமே போர்த்துக்கேயத்திற் பிரசங்கிக்க வேண்டியவராயினர்.

இதிலிருந்து அறியத்தக்கவை இரண்டு. செவிலியின் வாயை அடைத்துப் பிள்ளைக்கு மொழி கற்பித்தல் இயலாது என்பது ஒன்று. அச்செவிலியரைத் தண்டித்தவர் தம் பிள்ளைகளோடு தாமே அமர்ந்து பேச வேண்டிய நாழிகைக்குத் தண்டனையை ஈடாக்க நினைத்தனர் என்பது மற்றொன்று. ஆயா என்னுஞ் சொல்லே குசினி, அலுமாரி, சப்பாத்து, வாங்கு என்பவற்றோடு போர்த்துக்கேயத்திலிருந்து நம் வீடுகளுட் புகுந்ததாம்.

உரோமாபுரியிலும் இவ்வினா எழுந்தது. பிறந்த குழந்தையைக் கிரேக்கப் பணிப்பெண்ணிடம் ஒப்புவிக்கும் வழக்கத்தைத் தசித்து என்னும் ஆசிரியர் கடிந்தார். கல்வி நூல் செய்த குவிந்திலியன் செவிலியின் பேச்சுத் திருத்தமாயிருத்தல் வேண்டும் என்றார். எனினும் பிள்ளை கிரேக்கத்தில் தொடங்குதலை விலக்கவில்லை. சொந்த மொழியாகிய இலத்தீன் விரைவிற் பின்தொடர்ந்து, இரண்டும் ஒத்து நடக்கவேண்டும் என்பதே அவர் துணிபு. மிஷன் பாடசாலையில் மேனாட்டாசிரியர் நூல்களைப் பயின்ற நமக்கு, அவருட் கொள்ளத்தக்க அறிவுரையாக இது தோன்றுகின்றது.

4. இரண்டு பிள்ளைகள்

1865இல் பம்பாயிற் பிறந்த இரட்யார்ட் கிப்ளிங் ஓர் ஆயாவின் கையிலும் ஓர் இந்துப் பணியாளன் கையிலும் வளர்ந்தார். தாய் தந்தையரைக் காணச் செல்லும்போது ஆங்கிலத்திற் பேசும்படி அவருக்கு நினைவூட்ட வேண்டியிருந்தது என அவரே பின்னர் எழுதினார். 1871இல் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு அந்நியர் வீடொன்றிற் கொடுமையுற்றார். அவ்வீட்டார் பேசியது அவருடைய சொந்த மொழியே. மொழி ஒன்றாயிருத்தல் மாத்திரம் அன்பாகாது என்பது இதனால் விளங்கும்.

மற்றவர் ஆனந்த குமாரசுவாமி. யாழ்ப்பாணத்து வழிவந்த சேர் முத்துக்குமாரசுவாமிக்கும் ஆங்கிலத் தாய்க்கும் 1877இல் கொழும்பிற் பிறந்தார். 1879இல் தந்தையை இழந்து, இங்கிலாந்தில் தாயாரால் வளர்க்கப்பட்டார். இருபத்தைந்து வயதளவில் நிலவியல் அறிஞராக இலங்கைக்கு வந்தவர், நாட்டுக் கலைகளைக் கண்டு தம் தந்தையின் மரபைத் தாமே தேடிக் கற்றார். 1918இல் வெளிவந்த அவருடைய நூல் நடராச மூர்த்தத்தின் பொருளை மேனாட்டாருக்கு விளக்கியது. இளமையிற் பெறாததைப் பின்னரும் பெறலாம் என்பதற்கு இவர் சான்று. ஆயின், அவரைப்போற் பேரறிவும் ஓய்வும் எல்லாப் பிள்ளைகளுக்கும் வாயா. ஆதலின், பின்னர்த் தானே தேடிக்கொள்வான் என்று பெற்றோர் வாளாவிருத்தல் தகாது.

5. செவிலி மகள் எங்கே?

தமிழ் மரபிற் செவிலியின் மகள் அம்மனையிலேயே தோழியாக இருந்தாள் என்றோம். பிற்காலத்து ஏற்பாடு அவளைப் பிரித்துவிட்டது. பிரித்தானியர் தம் பிள்ளைகளைப் பார்க்க ஆயாமாரைக் கப்பலேற்றிச் சென்றனர். அவருட் சிலர் இலண்டனிலே கைவிடப்பட்டுத் திரும்ப வழியின்றி நின்றனர். அவர்க்கென ஆயாமார் இல்லம் ஒன்று அந்நகரில் நடத்தப்பட்டது. 1900இல் அது ஹக்னி என்னும் பகுதிக்கு மாற்றப்பட்டது. 2022இல் அங்கே நினைவுப்பலகை நாட்டப்பட்டது. அவ்வாயாமார் ஊரில் விட்டுச்சென்ற பிள்ளைகளுக்கோ நினைவுப்பலகை யாதுமில்லை.

இன்று அவ்வாயாமாரின் இடத்தில் நிற்போர் நம் நாட்டுப் பெண்களே. 1970களின் பிற்பகுதி முதல் இலங்கைப் பெண்டிர் அராபிய நாடுகளுக்கு வீட்டுப்பணிக்குச் செல்வாராயினர். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. 2009இற் போர் முடிந்தபின் வடமாகாணத்துப் பெண்களும், சிறப்பாகக் கணவனை இழந்து குடும்பத்தைத் தனியே தாங்குவோரும், அவ்வழியை நாடினர். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையையுடைய தாய் செல்லலாகாது என 2013இல் அரசு விதி செய்தது. பொருள் முடை நேர்ந்த 2022இல் அவ்வயதெல்லை இரண்டாகக் குறைக்கப்பட்டது.

மூதூரைச் சேர்ந்த றிசானா நபீக்கின் கதையை ஆசிரியர் மறவார். 2005இல் சவூதி அரேபியாவுக்குச் சென்ற அவரின் பராமரிப்பில் விடப்பட்ட நான்கு மாதக் குழந்தை இறந்தது. பால் புகட்டுகையில் மூச்சடைத்து இறந்தது என அவர் சொன்னார். நீதிமன்றம் கொலை என்றது. பிறப்புப் பத்திரத்தின்படி அப்போது அவருக்கு வயது 17. கடவுச்சீட்டிலோ வயது கூட்டி எழுதப்பட்டிருந்தது. 2013 ஜனவரி 9இல் மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. பள்ளியில் இருக்க வேண்டிய பெண்ணொருத்தி, மொழியறியா நாட்டிலே, ஊட்டுவாளும் கைத்தாயும் ஆக்கப்பட்டாள். ஆயாவை இகழ்வோர் இதனைச் சிந்திப்பாராக.

தீவுப் பாடசாலையொன்றில் நான்காம் வகுப்பு மாணவி ஒருத்தியை நாம் அறிவோம். அவள் தாய் குவைத்தில் ஒரு வீட்டிற் குழந்தை பார்க்கின்றாள். தாயும் மகளும் கைத்தொலைபேசியிற் பேசும்போது அங்கே குழந்தை அழும் ஒலி கேட்டால், "அம்மா, பிள்ளை அழுது, போய்ப் பாருங்கோ" என்று சொல்லி மகளே பேச்சை நிறுத்திவிடுவாள் என்று அவள் ஆச்சி நமக்குச் சொன்னார். ஆச்சி அதனைப் பெருமையாகவே சொன்னார். நமக்கு மறுமொழி சொல்ல வாய் வரவில்லை.

6. தடையும் விடையும்

கூலிக்கு வளர்ப்பவளுக்கு அன்பு ஏது எனின், கூலிக்குக் கற்பிக்கும் நமக்கு அன்பு உண்டாதல் போல அவளுக்கும் உண்டாகும் என்க.

தாய் வேலைக்குச் செல்லாதிருத்தலே தீர்வு எனின், அற்றன்று. கொழும்பிலும் கனடாவிலும் தொழில் செய்யும் தாயும், குவைத்துக்குச் செல்லும் தாயும் தம் பிள்ளைகளுக்காகவே உழைக்கின்றனர். தந்தைக்கும் பாட்டனுக்கும் நாவுண்டு. நொடிபயிற்றும் கடன் தாய்க்கு மாத்திரம் உரியதென எந்நூலும் விதிக்கவில்லை.

7. ஆசிரியர் செய்யத்தக்கன

அயல்தேசத்திலிருந்து வரும் பிள்ளையின் உச்சரிப்பை நகையாடலாகாது. ஒருமுறை நகைக்கப்பட்ட பிள்ளை மறுமுறை தமிழில் வாய் திறவாது.

செவிலி பாடிய பாட்டைப் பாடும்படி முதலிற் கேட்க. அதனை வகுப்பார் கேட்டபின், அதற்கு ஒத்த நம் தாலாட்டொன்றைக் கற்பிக்க. தான் அறிந்தது மதிக்கப்படுதலைக் கண்ட பிள்ளை அறியாததைக் கற்க முன்வரும்.

நாளொன்றுக்கு ஒரு நொடி போதும். பனை, சங்கு, தோணி, சுறா என நம் கண்முன் உள்ள பொருள்களையே விடையாக வைக்க. தொலைபேசிவழி ஆச்சி நொடி போட, அயல்தேசத்துப் பிள்ளை விடை சொல்லும் வழக்கத்தை வீட்டாருக்கு எடுத்துக்கூறுக. ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டா. நாள் தவறுதலும் வேண்டா.

நெடுந்தீவுக்கு அழைத்துச் சென்று பெருக்குமரத்தைக் காட்டுக. அஃது ஆபிரிக்க நிலத்து மரம். நம் மண்ணில் வேரூன்றி நிற்கும் அதனைக் குறித்துப் பிள்ளையே வினா எழுப்பும்.

தாய் அயல்தேசத்திலிருக்கும் மாணவரிடம் நம் கடமை இன்னும் பெரிது. "என் அன்னை" என்று கட்டுரை எழுதச் சொல்லுமுன் வகுப்பில் யார் யார் இருக்கின்றனர் என்பதை எண்ணுக. வேண்டின் "என்னை வளர்ப்பவர்" எனத் தலைப்பிடுக. தாய் எங்கே என்று பலர் முன்னிலையில் வினவற்க. விசயதசமியில் ஏடு தொடக்கும்போது ஆச்சியைத் தாயின் இடத்தில் மரியாதையாக இருத்துக. காலை உணவு, வீட்டுப்பாடம், தலைவாரல் என்பவற்றில் தளர்வு கண்டால் கடியாது, காரணம் அறிக. மாதம் ஒருமுறை பிள்ளையின் கையெழுத்திலேயே தாய்க்கு ஒரு கடிதம் எழுதுவித்து அனுப்புக.

இருவகைப் பிள்ளைகளும் திருவிழாக் காலத்தில் ஒரே வீதியில் நிற்கின்றனர். இவர்களை ஒருங்கு விளையாட விடுக. ஒருவர்க்கு நொடி தெரியும்; மற்றவர்க்குக் கேட்க விருப்பம் உண்டு.

8. ஆசிரியர் கூட்டத்திற் கலந்துரையாடுதற்குரிய வினாக்கள்

1. ஐவகைத் தாயருள் மொழியின்றித் தம் கடன் செய்ய இயலாதோர் யாவர்? நும் ஊரில் அக்கடனை இப்போது செய்வோர் யாவர்?

2. நரசிங்கமுனையரையரின் வளர்ப்புக்கும் ஒல்லாந்தரின் கட்டளைக்கும் உள்ள வேறுபாடு யாது?

3. நும் வகுப்பில் தாயைப் பிரிந்து வாழும் பிள்ளைகள் எத்துணையர்? அவர் ஒவ்வொருவரையும் வளர்ப்போரின் பெயரை நீவிர் அறிவீரா?

மூன்றாவது வினாவுக்கு விடை எழுதமுன் வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்துக்கொள்க.