அலுவலகத் தொலைபேசி: ஒப்புமையா, இலக்கமா?

அலுவலகத்துக்குத் தொலைபேசி இணைப்பைத் தேர்தல் சிறு காரியம் போலத் தோன்றும். ஆயின், மின்னலும் மண்சரிவும் மலிந்த நுவரெலியா, ஹற்றன் மலைப்புறங்களில், நள்ளிரவில் நோயாளர் காவு வண்டியை வேண்டி 1990 என்னும் எண்ணை அழைக்குங்கால், அவ்விணைப்பு ஓர் உயிரின் விலையாகின்றது. ஆகலின், இருவகை இணைப்புகளின் இயல்பை ஈண்டு ஆராய்வோம்.

1876இல் கிரகாம் பெல் காப்புரிமை பெற்ற தொலைபேசி ஒப்புமை முறையது. குரலின் ஏற்றத்தாழ்வை ஒத்து மின்னோட்டமும் ஏறி இறங்கும். ஓர் இணைச் செம்புக் கம்பியில் ஒரு வேளையில் ஓர் உரையாடலே செல்லும். மெலிந்த குரலை இடைவழியிற் பெருக்கினால், கலந்த இரைச்சலும் உடன் பெருகும்.

இலக்க முறையோ, குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஒன்று, பூச்சியம் என்னும் 8 குறிகளாக்கி அனுப்பும். ஓவியத்தைப் பார்த்து வரையுந்தோறும் உரு திரியும். எழுத்தைப் பார்த்து எழுதினால், கையெழுத்து வேறுபடினும் சொல் திரியாது. இலக்கக் குரல் தெளிவாயிருத்தற்குக் காரணம் இதுவே. ஈ-1 என்னும் இலக்க இணைப்பு ஒன்றே 30 உரையாடல்களைத் தாங்கும்.

இனி, மின்சாரத்தை நோக்குவோம். செம்புக் கம்பிக்குரிய மின்சாரம் தொலைபேசி நிலையத்தின் 48 வோல்ற்று மின்கல அடுக்கிலிருந்து வருவது. எனவே, தோட்டத்தில் மின் தடைப்பட்டபோதும், கம்பியில் நேரே பூட்டிய எளிய தொலைபேசி பேசும். ஒளியிழை இணைப்போ, அலுவலகக் கருவிக்கு மின்சாரம் இல்லையேல் ஊமையாகும். எனினும், மின்னலின் அதிர்ச்சியைச் செம்பு வீட்டினுள் கொணரும். கண்ணாடி இழை கொணராது. மண்சரிவில் கம்பம் சாய்ந்தால் இரண்டும் ஒருங்கே அறும்.

ஓரிருவரே பேசும் சிற்றலுவலகத்துக்கு, இருக்கும் ஒப்புமை இணைப்புப் போதும். பலர் ஒரே வேளையிற் பேசவேண்டிய தொழிற்சாலைக்கும் கல்லூரிக்கும் இலக்க முறையே ஏற்றது. பிரித்தானியா தன் பழைய தொலைபேசி வலையமைப்பை 2027 சனவரிக்குள் மூடத் திட்டமிட்டுள்ளது. நம் நாட்டிலும் செம்பின் இடத்தை ஒளியிழை பெற்று வருகின்றது. ஆதலால், செம்பை மட்டும் நம்பிப் புதுக் கருவி வாங்குதல் தகாது.

இலக்க முறைக்கு மாறுவோர், இணைப்புக் கருவிக்கும் உள்ளகத் தொலைபேசிப் பலகைக்கும் மாற்று மின்கலம் வைத்தல் வேண்டும். மாதம் ஒருமுறை மின்சாரத்தை நிறுத்தி, அழைப்புச் செல்கின்றதா என்று சோதித்தலும் வேண்டும். கைத்தொலைபேசி ஒன்றையும் மின்னேற்றி வைத்திருத்தல் நன்று. விலையை வினவுமுன், விளக்கணைந்த இரவில் இது பேசுமா என்று வினவுவோமாக.