சுங்கமும் சரக்கின் பிறப்பும்

சுங்கம் என்றவுடன் அரசு பறித்துக்கொள்ளும் பொருள் என்றே நம்மிற் பலர் எண்ணுகின்றனர். அஃது எவ்விதி பற்றி அறவிடப்படுகின்றது என ஆராய்வார் சிலரே. வணிகத்துறையிற் புக விரும்பும் மாணவர்க்கு அவ்வாராய்ச்சி பெரும்பயன் தருவதாகும்.

நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் தமிழ்க் கல்வெட்டொன்று உண்டு. அது 12ஆம் நூற்றாண்டினது. ஊர்காவற்றுறைப் பக்கத்தில் உடைந்த கலம் யானையும் குதிரையும் கொணர்ந்ததாயின் நாலில் ஒரு கூறு பண்டாரத்தைச் சேரும். வாணிகச் சரக்குக் கொணர்ந்ததாயின் செம்பாதி சேரும் என்பது அதன் கருத்து. இது சுங்கமன்று, உடைந்த கலத்தின் பங்கேயாம். எனினும், சரக்கின் இனமே அரசன் பெறும் கூற்றை நிருணயித்தது என்பது நோக்கற்பாலது. யானையும் குதிரையும் அரசனுக்கு வேண்டியவை; ஆதலின் அவற்றைக் கொணர்வார்க்குச் சலுகை.

இன்றைய சுங்கமும் சரக்கின் இனத்தையே முதலில் வினவுகின்றது. 1988 முதல் உலக நாடுகள் பல ஒரே பண்டக் குறியீட்டு முறையைக் கையாளுகின்றன. அதிலே தேயிலைக்குரிய எண் 0902. நம் தெல்தோட்டைக்கு அணித்தான லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் நட்ட அதே தேயிலைதான். ஆயினும் கறுப்புத் தேயிலை மூன்று கிலோவுக்கு மேற்படாத பொதியிலிருந்தால் 0902.30, மேற்பட்டால் 0902.40. கொழுந்து ஒன்றே, பொதி மாற எண்ணும் மாறுகின்றது. எண்ணைத் தவறாக எழுதினோர் சில நாடுகளில் வேண்டாத் தீர்வையைச் செலுத்த நேரும்.

இனத்திற்கு அடுத்தது பெறுமதி. அடுத்தது பிறப்பிடம். வணிகர் பெரிதும் இலாபம் பெறுவதும், பெரிதும் அல்லலுறுவதும் இம்மூன்றாவதிலேயே. நம்மூர்த் தோட்டங்களிற் படரும் மிளகே இதற்குத் தக்க சான்று.

1998 டிசம்பரில் இலங்கையும் இந்தியாவும் தடையற்ற வர்த்தக உடன்படிக்கை செய்து, 2000 மார்ச்சில் அதனை நடைமுறைக்குக் கொணர்ந்தன. 2017இல், இந்தியா பிறநாட்டு மிளகுக்கு விதித்த தீர்வை 70 வீதம். இலங்கை மிளகுக்கோ, ஆண்டொன்றுக்கு 2,500 தொன் வரை தீர்வையே இல்லை. அதற்கு மேற்பட்டது தெற்காசிய உடன்படிக்கையின்படி 8 வீதம் செலுத்தியது. நூறு ரூபாய் மிளகில் எழுபது ரூபாய் மிச்சம். இம்மிச்சம் நேர்மையானதே, இரு அரசுகளும் கையொப்பமிட்டு அளித்தது.

ஆனால், வியட்னாம் மிளகு இலங்கை மிளகு என்னும் பெயரிற் புகுகின்றதென இந்திய விவசாயிகள் முறையிட்டனர். இந்தியா 2017 டிசம்பரில் கிலோவுக்கு 500 ரூபாய் என இறக்குமதிக்கு ஆகக்குறைந்த விலை விதித்தது. சான்றிதழிற் பொய் எழுதியவர் எவராயினும், இடர்ப்பாடு உண்மையாகவே மிளகு விளைவித்த கண்டி, மாத்தளைக் குடியானவரையும் சார்ந்தது.

பிறப்பிட விதியோ தெளிவானது. வெளிநாட்டு மூலப்பொருளைக் கொண்டு ஆக்கிய பொருளில், ஏற்றுமதிப் பெறுமதியின் 35 வீதமேனும் இலங்கையிற் சேர்ந்திருத்தல் வேண்டும். அதனோடு, மூலப்பொருளின் நான்கிலக்க எண்ணும் ஆக்கிய பொருளின் எண்ணும் வேறாதலும் வேண்டும். பிறநாட்டு மிளகைக் காயவைத்துப் புடைத்துப் புதுச் சாக்கிலிட்டாலும் அதன் எண் 0904ஆகவே நிற்கும். சாக்கு மாறலாம், சாதி மாறாது.

நமது சுங்கக் கட்டளைச் சட்டம் 1869ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கத்தது. தெல்தோட்டைத் தேயிலைக்கு இரண்டாண்டு இளையது. பிரகடனத்தோடு ஒவ்வாத சரக்குப் பறிமுதலாகும் என அது 47ஆம் பிரிவிற் கூறுகின்றது. ஆதலின் ஏற்றுமதி செய்வோர், கொள்முதற் சிட்டை, நிறைச் சிட்டை, வர்த்தகத் திணைக்களம் வழங்கும் பிறப்பிடச் சான்றிதழ் ஆகியவற்றைச் சரக்குக் கப்பலேறு முன்னரே ஒன்றோடொன்று ஒப்புநோக்குதல் வேண்டும். சான்றிதழ் பின்னர் வரும் என்று கலத்தை அனுப்பியோர், மறுகரையில் முழுத்தீர்வையும் செலுத்தியே சரக்கை மீட்கவேண்டிய நிலைக்கு ஆளாகலாம்.