அப்பாவின் கேசட் பெட்டி

கேள்வி: மட்டாஞ்சேரி பழைய வீட்டைக் காலி செய்தபோது, விஜயலட்சுமி – நவநீதகிருஷ்ணன் தம்பதியின் நாட்டுப்புறப் பாடல் கேசட்டுகள் கிடைத்தன. அப்பா உயிராக வைத்திருந்தவை. நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை. போட்டுக் கேட்கலாமா?
– வாசகர், காக்கநாடு, கொச்சி

பதில்: அவசரப்பட்டுப் போட்டுவிடாதீர்கள்! பூஞ்சை டெக்கின் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்த கேசட்டுக்கும் பரவும். கொச்சியின் ஈரக்காற்றுக்கு இது சகஜம்தான். சிலிகா ஜெல்லோடு மூடிய டப்பாவில் வைத்து உலரவிட்டு, நாடா சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் சின்னக் கம்பளித் துண்டு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பழைய கேசட்டுகளில் பசை விட்டு அது உதிர்ந்துவிடும். குரல் மங்கிப் போகும். அப்படியானால் நாடாவை மட்டும் கழற்றி வேறு கூட்டில் மாட்டலாம். கணினியில் ஏற்றும் முதல் பிரதி எம்பி3 வேண்டாம், வேவ் கோப்பாக இருக்கட்டும்.

இந்தப் பாடுபடத் தகுந்த பாட்டுகள்தான் அவை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அந்தத் தம்பதி, கிராமங்களில் பாடல் சேகரித்து மேடைக்குக் கொண்டுவந்தவர்கள். ஆராய்ச்சியாளரே பாடகராகவும் இருப்பது அபூர்வம். விஜயலட்சுமி அம்மாவுக்கு 2018-இல் பத்மஸ்ரீ கிடைத்தது; ரொம்பத் தாமதம் என்பேன்.

யூடியூபில் ஏற்ற வேண்டாம், ஒலிப்பதிவுக்கு 60 ஆண்டு காப்புரிமை உண்டு. அட்டையையும் படமெடுத்து வையுங்கள்; வாத்தியக்காரர்களின் பெயர் பல சமயம் அதில் மட்டும்தான் இருக்கும்.