மொழியியல் எம்.ஏ.: சேரும் முன்னும் சேர்ந்த பின்னும்

மொழியியல் படித்தால் தமிழாசிரியர் வேலைதானே என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இல்லை. இலக்கியத்தில் மனம் தோய்ந்தவர்கள் தமிழ் எம்.ஏ.வுக்கே போகலாம். மொழியியல் வகுப்பில் கம்பனுக்கும் கோயம்பேடு மார்க்கெட் பேச்சுக்கும் ஒரே மரியாதைதான். காதில் விழுகிற எதையும் பிரித்துப் பார்க்கிற ஆசை வேண்டும்.

அது இருக்கிறதா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். 'போய்க்கிட்டிருந்தவங்ககிட்ட' என்ற சொல்லைத் துண்டு துண்டாகப் பிரியுங்கள். 'கிட்ட்' இரண்டு தடவை வருகிறது. முதலாவது, செயல் தொடர்ந்து நடந்ததைக் காட்டுகிறது. இரண்டாவது, வேற்றுமை உருபின் வேலையைச் செய்கிறது. இறந்தகாலம் எந்தத் துண்டில் இருக்கிறது? வினை எந்த இடத்தில் ஆளைக் குறிக்கும் பெயராகிறது? அரைமணி நேரம் மல்லுக்கட்டியும் அலுக்கவில்லை என்றால் தைரியமாக விண்ணப்பியுங்கள். இன்றைய வேலைவாய்ப்பும் இங்கேதான் இருக்கிறது. எழுத்துத் தமிழை மட்டும் வைத்துப் பழக்கிய கணினி, இப்படியொரு பேச்சுச் சொல்லைக் கண்டால் தடுமாறும். அதைப் பிரித்துக் கொடுக்க ஆள் வேண்டும்.

எங்கே படிக்கலாம்? சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், கோவை பாரதியார் பல்கலைக்கழகம், வெளியே போனால் புனே டெக்கான் கல்லூரி, ஹைதராபாத் பல்கலைக்கழகம், டெல்லி பல்கலைக்கழகம், ஜே.என்.யூ. பெரும்பாலும் எந்தப் பட்டம் பெற்றவரும் சேரலாம். மத்தியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கு க்யூட் பி.ஜி. தேர்வு எழுத வேண்டும். பிளஸ் டூவில் கணக்கு நன்றாக வந்தவர்கள் ஹைதராபாத் டிரிபிள் ஐ.டி.யில் கணினி மொழியியலும் பி.டெக்.கும் சேர்ந்த 5 ஆண்டுப் படிப்பைப் பார்க்கலாம். பெயரை மட்டும் பார்த்துச் சேராதீர்கள். களப்பணிக்குக் கூட்டிப் போகிறார்களா, ஒலியியல் ஆய்வகம் திறந்திருக்கிறதா என்று சீனியர்களிடம் விசாரியுங்கள். மொழியியலாளர் எமனோ 1930களில் தோடர், கோத்தர் மொழிகளைப் பதிவு செய்த நீலகிரி நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. களத்துக்கே போகாமல் பட்டம் வாங்குவது பெரிய இழப்பு.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: பேச்சுக் குறைபாட்டைச் சரிசெய்யும் பேச்சுப் பயிற்சியாளர் ஆவதற்கு இந்த எம்.ஏ. உதவாது. அதற்கு பி.ஏ.எஸ்.எல்.பி. படித்து இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும்.

சேர்ந்த முதல் மாதமே, ஒலியைப் படமாகக் காட்டும் பிராட் மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள், இலவசம்தான். 'பம்பரம்' என்று சொல்லிப் பதிவு செய்து திரையில் பாருங்கள். நாம் ஒரே எழுத்தால் எழுதும் இரண்டு 'ப'வும் வேறு வேறாகத் தெரியும். இரண்டாவது 'ப'வுக்காக உதடு மூடியிருக்கும்போதும் அடியில் ஒரு கறுப்புப் பட்டை ஓடும்; குரல்வளை அதிர்வதன் அடையாளம் அது. முதல் 'ப'வில் அந்தப் பட்டை இருக்காது. கூடவே பைத்தான் நிரல்மொழியும் கற்றுக்கொள்ளுங்கள். இதை விருப்பப் பாடமாக நினைக்காதீர்கள். மொழி மட்டும் தெரிந்தவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது பேச்சைக் கேட்டுத் தட்டச்சு செய்து குறியிடும் ஒப்பந்த வேலை, சம்பளமும் குறைவு. அதே தரவைத் தானே திரட்டி, ஒழுங்குபடுத்தி, பிழையைக் கண்டுபிடிக்கிறவருக்கு நிறுவனங்களில் மதிப்பு வேறு. மைசூரில் 1969இல் தொடங்கிய இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் இந்திய மொழிகளுக்கான தரவுகளைத் திரட்டும் பணியைச் செய்கிறது. அதன் அறிவிப்புகளைக் கவனித்து வாருங்கள். ஆசிரியப் பணிக்கும் ஆய்வுக்கும் போகிறவர்கள் நெட் தேர்வை முதலாண்டிலேயே மனதில் வையுங்கள். அதில் ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. வீட்டில் கை நீட்டாமல் முனைவர் பட்ட ஆய்வில் இறங்கலாம்.

வேலைக்குப் போகும்போது மதிப்பெண் பட்டியலோடு உங்கள் கையால் செய்த ஒன்றையும் கொண்டு போங்கள். உங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் அனுமதி கேட்டு, பத்து நிமிடப் பேச்சைப் பதிவு செய்யுங்கள். ஒலிக்குறியீட்டில் எழுதி, சொல்லைப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் கீழே பொருள் எழுதுங்கள். பிரிக்க முடியாத இடங்களை அழிக்காமல், ஏன் முடியவில்லை என்று அங்கேயே குறித்து வையுங்கள். நேர்முகத்தில் நல்ல கேள்விகள் அந்த இடங்களிலிருந்துதான் வரும்.