ரவுண்ட் ராபின் ரூமுக்கு செட் ஆகாது

டோல்கேட் பக்கம் நாலு பேர் சேர்ந்து ஒரு மாடி வீடு எடுத்திருக்கீங்கன்னு வெச்சுக்கோங்க. முதல் வாரம் எல்லாரும் அண்ணன் தம்பி. மூணாவது வாரம் சிங்க்ல மாவு காய்ஞ்சு ஒட்டின பாத்திரம் ரெண்டு நாளா கிடக்கும். "நேத்துகூட நான்தானே கழுவினேன்?"னு நாலு பேரும் சொல்வாங்க. எங்க ரூம்ல அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கிற அளவுக்குப் போச்சு.

இதுல யாரும் பொய் சொல்லலைங்கறதுதான் வேடிக்கை. 1979-ல மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலின்னு ரெண்டு உளவியலாளர்கள் கணவன், மனைவியைத் தனித்தனியா உட்கார வெச்சு, வீட்டு வேலையில உங்க பங்கு எவ்வளவுன்னு கேட்டாங்க. ரெண்டு பதிலையும் கூட்டினா, பெரும்பாலான ஜோடிகளுக்கு நூறு சதவீதத்தைத் தாண்டிடுச்சு. நாம செஞ்ச வேலை நமக்கு நல்லா ஞாபகம் இருக்கும். அடுத்தவன் பெருக்கினப்போ நாம காலேஜ்ல இருந்திருப்போம்.

சரி, முறை போட்டுக்கலாம்னு உடனே தோணும். ஓஎஸ் பேப்பர்ல படிச்ச ரவுண்ட் ராபின்! ஆனா அங்க எல்லா ப்ராசஸுக்கும் ஒரே அளவு நேரம். இங்க கேன் தண்ணி தூக்கி வைக்க ரெண்டு நிமிஷம், பாத்ரூம் கழுவ முக்கால் மணி நேரம். மெயின் ரோட்டுல கண்டெய்னர் லாரி ஓடற ஏரியாவுல பெருக்கறது தினமும் இருக்கும். கேஸ் புக் பண்றது எப்பவாவதுதான். அதனால "ஆளுக்கு ரெண்டு வேலை"ங்கறது சமம் மாதிரி தெரியும், நியாயமா இருக்காது.

நாங்க இப்படிப் பண்ணோம். எல்லா வேலையையும் ஒரு பேப்பர்ல எழுதினோம். ஆளுக்கு 100 பாயிண்ட். எந்த வேலை எவ்வளவு கடுப்போ, அவ்வளவு பாயிண்ட் அதுக்கு. அடுத்தவன் போடறதைப் பார்க்காம போடணும், இது முக்கியம். எனக்குப் பாத்திரம் 40, இன்னொருத்தனுக்கு வெறும் 10. பாட்டு கேட்டுக்கிட்டே கழுவிடுவானாம்! எனக்கோ சமையல் ஒரு பாரமே இல்ல. அவங்கவங்க தலையில விழற வேலை, அவங்கவங்க கணக்குப்படி 25-ஐத் தாண்டாம பிரிச்சா போதும். நாலுல ஒரு பங்குக்கு மேல சுமக்கறேன்னு யாரும் சொல்ல முடியாது. எல்லாருமே வெறுக்கிற வேலை ஒண்ணு கண்டிப்பா மிஞ்சும் (பாத்ரூம், வேற என்ன). அதை மட்டும் வாரம் ஒருத்தர்.

முதல் லிஸ்ட்ல ஒரு வேலையை விட்டுட்டோம்: கவனிக்கிறது. கேன் தீரப்போகுது, மக்கும் குப்பையும் மக்காத குப்பையும் தனித்தனியா இருக்கா, காலையில வண்டி வர்றதுக்குள்ள கீழ போயிடுச்சா. இதையெல்லாம் ஒருத்தன் மண்டையிலேயே ஓட்டிக்கிட்டு, மத்தவங்களுக்கு ஞாபகப்படுத்திக்கிட்டே இருந்தான். அவனுக்குத்தான் "நச்சு"ன்னு பேர் வெச்சோம். இப்போ அதுக்கும் பாயிண்ட் உண்டு, மாசம் ஒருத்தர் பொறுப்பு. இந்த மாசம் என் முறை. நேத்து கேன் சொல்ல மறந்துட்டேன்.