வஸிய்யத்தால் வரும் வக்பும் முதவல்லியின் பொறுப்பும்

"என் தோப்பு வருமானத்தில் யத்தீம் பிள்ளைகளை ஓத வையுங்கள்" என்று நாலு பேர் முன்னிலையில் சொல்லிவிட்டு மவுத்தாகிறவர்கள் திருப்புல்லாணி, பெரியபட்டினம், கீழக்கரைப் பகுதிகளிலும் உண்டு. நிய்யத்து நல்லதுதான். ஆனால் தோப்பை யார் பார்ப்பது, அவருக்குப் பின் யார் என்பதைச் சொல்லாமல் போய்விட்டால், இரண்டாம் தலைமுறையில் அது பார்த்தவருடைய பிள்ளைகளின் சொத்தாகிவிடுகிறது. யத்தீம்கள் வாசலில் நிற்கிறார்கள்.

ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் கைபரில் கிடைத்த நிலத்தைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் யோசனை கேட்டார்கள். மூலத்தை நிறுத்தி வைத்து, பலனைத் தர்மம் செய்யும்படி பதில் கிடைத்தது. அதன்படி அந்த நிலம் விற்கப்படாது, அன்பளிப்பாகாது, வாரிசுரிமையாகவும் போகாது. பார்ப்பவர் நியாயமான அளவு அதிலிருந்து உண்ணலாம். பொருள் சேர்க்கக் கூடாது. இத்தோடு விட்டார்களா? தமக்குப் பின் மகளார் ஹஜ்ரத் ஹப்ஸா (ரலி) அவர்களும், அவர்களுக்குப் பின் குடும்பத்தில் விவேகமுள்ளவரும் பார்க்க வேண்டுமென்று எழுதியும் வைத்தார்கள். பெண்பிள்ளைக்கு நிர்வாகம் ஏது என்று கேட்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வஸிய்யத்தின் மூலம் செய்யும் வக்புக்கு ஓர் எல்லை உண்டு. ஜனாஸாச் செலவும் கடனும் போக, மிஞ்சியதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாரிசுகள் சம்மதமின்றிச் செல்லாது. கடனை அடைக்காமல் தர்மம் பேசுவதில் நமக்கு உடன்பாடில்லை.

வருமானம் வந்ததும் முதலில் சொத்தின் பராமரிப்பு. நீர் பாய்ச்சாத தென்னை யத்தீமுக்கு எதைத் தரும்? அடுத்து நிர்வாகியின் கூலி. நம் கடற்கரையில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில், பத்திரத்தில் கூலி எழுதியிருந்தால் அந்த அளவு எடுக்கலாம். எழுதாவிட்டால் தாமாக எடுத்துக்கொள்வது ஆகாது. மீதி முழுவதும் உரியவர்களுக்கு. வீட்டுப் பணத்தோடு கலக்காமல் கணக்கு தனியாக இருக்கட்டும். 1995ஆம் ஆண்டு வக்பு சட்டப்படி முதவல்லி ஆண்டுதோறும் வாரியத்துக்குக் கணக்கு அனுப்பியாக வேண்டும். 2025 திருத்தத்துக்குப் பின் பத்திரம் இல்லாமல் புதிய வக்பு ஏற்படுத்த முடியாது. வாய்ச்சொல்லோடு நிறுத்துகிறவர்கள் இதை அறிந்துகொள்ளட்டும்.

அந்தப் பத்திரத்தில் முதவல்லியின் பெயர், அவருக்குப் பின் வருபவர், கூலி, பலன் பெறுவோர் ஆகிய நான்கும் தெளிவாக இருக்க வேண்டும். அடுத்தவர் பெயர் இல்லாமல் இடம் காலியானால், முதவல்லியை நியமிக்கும் அதிகாரம் வாரியத்துக்குப் போகிறது. அப்படி வருபவர் தோப்பையும் அறியாதவராக இருக்கலாம், யத்தீம்களையும் அறியாதவராக இருக்கலாம்.